எஞ்சியவற்றைக் கொண்டு அளத்தல்: காய்ச்சல் நோய்களில் நைத்திரிக் ஒட்சைட்டு

ஒரு நைதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்த நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை, ஆர்ஜினின் என்ற அமினோவமிலத்திலிருந்து உடலே உண்டாக்கிக்கொள்கிறது. குருதிக்கலன்களின் உட்சுவர்க் கலங்களில் அது கலன்களைத் தளர்த்திக் குருதியோட்டத்தை ஒழுங்குபடுத்துகிறது; நரம்புக் கலங்களில் செய்தி கடத்துகிறது; கிருமிகளை விழுங்கும் வெண்கலங்களில் கிருமிகொல்லியாகத் தொழிற்படுகிறது. ஆயினும் குருதியில் அதன் ஆயுள் சில கணங்களே ஆதலால், நோயாளியின் கையிலிருந்து எடுத்த குருதி ஆய்வுகூடத்தை அடையும்போது அளப்பதற்கு அந்த வாயு எஞ்சியிருப்பதில்லை. எஞ்சியிருப்பவை அதன் நிலையான அனுசேப விளைபொருள்களான, அதாவது உடலின் வேதிமாற்றங்கள் அதனை மாற்றி விட்டுச்செல்லும் பொருள்களான, நைத்திரைற்றும் நைத்திரேற்றும் ஆகும். முன்னது ஈரொட்சிசன் அயன், பின்னது மூவொட்சிசன் அயன். இவ்விரண்டின் கூட்டுத்தொகையை அளந்து, அதிலிருந்து உடல் எவ்வளவு நைத்திரிக் ஒட்சைட்டை உற்பத்தி செய்தது என்று பின்னோக்கிக் கணிப்பதே உலகெங்கும் நடைமுறையாகியுள்ளது. எலிக்காய்ச்சலும் டெங்கும் ஆண்டுதோறும் நோயாளர் விடுதிகளை நிரப்பும் இலங்கையிலும் இவ்வளவீடு பயன்பட்டிருக்கிறது. அளக்கும் வேலை எளிது. அளந்த எண் எதைக் குறிக்கிறது என்பதே இத்துறையில் இன்னும் முடியாத வழக்கு.

இவ்வழக்கின் தொடக்கம் நைத்திரிக் ஒட்சைட்டு பற்றிய அறிவுக்கும் முந்தியது. 1916இல் அமெரிக்காவில் மிட்செலும் அவருடைய சகாக்களும், மனிதர் உணவில் உட்கொள்ளும் நைத்திரேற்றைவிடக் கூடுதலான நைத்திரேற்றைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றனர் என்று காட்டினர். பாலூட்டிகளின் கலங்கள் நைத்திரேற்றை ஆக்கக்கூடும் என்று அக்காலத்தில் எவரும் நம்பத் துணியாமையால், அந்த உபரி நீண்ட காலம் ஒரு விநோதமாகவே கிடந்தது. பின்னர் அதனைக் குடல் பற்றீரியங்களின் கணக்கில் எழுதும் போக்கும் இருந்தது. மசாசுசெட்சு தொழில்நுட்ப நிறுவகத்தில் கிறீனும் தனன்பாமும் 1981இல் வெளியிட்ட ஆய்வுகள் அக்கணக்கைத் திருத்தின: கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளும் நைத்திரேற்றை உண்டாக்கின, மனிதரிலும் அது உண்டாயிற்று, ஆய்வுக்கு உட்பட்டிருந்த ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டபோது அவருடைய சிறுநீரில் நைத்திரேற்று திடீரெனப் பெருகியது. தற்செயலாக வந்த அந்தக் காய்ச்சல், திட்டமிட்ட சோதனைகள் பலவற்றைவிடக் கூடுதலாகக் கற்பித்தது எனலாம். இரண்டு ஆண்டுகளின் பின் பற்றீரிய நச்சைச் செலுத்திய எலிகளிலும் அதே பெருக்கம் காணப்பட்டது; 1985இல் ஸ்ருயர், மாலெற்றா ஆகிய இருவரும், தூண்டப்பட்ட பெருவிழுங்கற் கலங்களே நைத்திரைற்றையும் நைத்திரேற்றையும் உண்டாக்குவதைச் சுண்டெலிகளில் நிறுவினர். குருதிக்கலனைத் தளர்த்தும் இனந்தெரியாத பொருள் ஒன்று உண்டு என்று பேர்ச்கொற் 1980இல் காட்டியிருந்ததும், அப்பொருள் நைத்திரிக் ஒட்சைட்டே என்பது 1987இல் தெளிவானதும் வேறொரு நெறியில் நிகழ்ந்தவை. பேர்ச்கொற், இக்னாரோ, முராட் ஆகியோர் 1998இல் நோபல் பரிசு பெற்றது இந்த இரண்டாம் நெறியின் புகழ். சிறுநீரின் உபரியைத் துரத்திச் சென்ற முதல் நெறி பொதுவாசகரிடையே இன்றும் அவ்வளவாக அறியப்படவில்லை.

வாயு எவ்வாறு அயனாகிறது என்பது அளவீட்டின் பொருளை நேரடியாகப் பாதிக்கும். நீரில் கரைந்த ஒட்சிசனுடன் தாக்கமுறும் நைத்திரிக் ஒட்சைட்டு நைத்திரைற்றாகிறது. செங்குருதிக் கலங்களில் ஒட்சிசன் ஏந்திய ஈமோகுளோபினைச் சந்தித்தால் அது நேரே நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரைற்றும் குருதியில் நெடுநேரம் நிற்பதில்லை. ஈமோகுளோபின் அதனையும் சில நிமிடங்களில் நைத்திரேற்றாக ஒட்சியேற்றிவிடுகிறது. இதனால் குருதித் திரவத்தில் நைத்திரேற்று லீற்றருக்கு ஏறத்தாழ 20 முதல் 50 மைக்குரோமூல் வரையில் இருக்க, நைத்திரைற்று அதன் நூறில் ஒரு பங்கு அளவிலேயே காணப்படுகிறது. நைத்திரேற்றின் அரையாயுள், அதாவது பாதியளவு குருதியிலிருந்து நீங்க எடுக்கும் காலம், ஐந்து முதல் எட்டு மணித்தியாலம். ஆகவே கூட்டுத்தொகை எனப்படுவது நடைமுறையில் நைத்திரேற்றே. அது அக்கணத்து உற்பத்தியைக் காட்டாமல், முன்சென்ற பல மணித்தியாலங்களின் திரட்டையே காட்டுகிறது. உட்சுவர்க் கலங்களின் அன்றாட உற்பத்தியை அறிய விரும்புவோருக்கு நைத்திரைற்றைத் தனியே அளப்பது நம்பகமானது என்று செருமனியில் கெல்ம் குழுவினர் 2003இல் வாதிட்டனர். ஆனால் கணத்துக்குக் கணம் கரையும் அயனை அளப்பதற்கு, எடுத்த குருதியை உடனே குளிரில் சுழற்றிப் பிரிக்கும் ஒழுங்கு தேவை. வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும் மருத்துவமனையில் அது எளிதன்று.

நைத்திரைற்றை அளக்கும் முறைகளுள் மிகப் பழையதும் இன்றும் மிகப் பரவலானதும் கிறீசுத் தாக்கம். அதனைக் கண்டறிந்த பீற்றர் கிறீசு, இங்கிலாந்தின் பேட்டன் நகரில் ஒரு பியர் வடிசாலையின் இரசாயனராகப் பணிபுரிந்தவர். 1879இல் அவர் விவரித்த தத்துவம் இது: அமில ஊடகத்தில் நைத்திரைற்று ஓர் அரோமற்றிக் அமீனுடன் சேர்ந்து ஈரசோனியம் உப்பாகிறது, அவ்வுப்பு இன்னொரு அமீனுடன் இணைந்து செவ்வூதா நிறச் சாயமாகிறது, நிறத்தின் செறிவே நைத்திரைற்றின் செறிவு. இக்காலத்தில் சல்பனிலமைட்டும் நத்தலீன் சார்ந்த ஓர் அமீனும் பயன்பட, 540 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை ஒளிமானி வாசிக்கிறது. சிறுநீர்த் தொற்றைக் கண்டறிய மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் சோதனைப் பட்டையின் ஒரு கட்டத்திலும் இதே தாக்கம்தான் நிகழ்கிறது. ஆனால் அங்கே தெரியும் நைத்திரைற்று உடலின் நைத்திரிக் ஒட்சைட்டுக்குச் சான்று ஆகாது. சிறுநீரில் உள்ள நைத்திரேற்றை ஈகோலை போன்ற பற்றீரியங்கள் தாழ்த்தியதால் வந்தது அது. ஒரே நிறம் இரு வேறு கதைகளைச் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிட அருகில் கிடைக்கும் எடுத்துக்காட்டு இல்லை.

கிறீசுத் தாக்கம் நைத்திரேற்றைக் காணாது. முதலில் அதனை நைத்திரைற்றாகத் தாழ்த்த வேண்டும். அதற்குக் கட்மிய உலோகம், பூஞ்சையிலிருந்து பெறும் நைத்திரேற்றுத் தாழ்த்தி நொதியம், வனேடியம் முக்குளோரைட்டு என மூன்று வழிகள் உண்டு. கட்மியம் நச்சுடையது, நொதியத்துக்கு வேண்டிய துணைப்பொருள் மிகுந்தால் நிறம் வளர்வது தடைப்படும், 2001இல் விவரிக்கப்பட்ட வனேடிய முறை மலிவானதும் ஒரே தட்டில் பல மாதிரிகளை அளக்க வல்லதும் ஆதலால் வசதி குறைந்த ஆய்வுகூடங்களுக்கு ஏற்றது. குருதி உறையாதிருக்கச் சேர்க்கும் ஹெப்பரின் சாயக் கரைசலில் கலங்கலை உண்டாக்கக்கூடும். கண்ணாடிக் குடுவை, வடிதாள், கையுறை, குருதிக் குழாய் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் நைத்திரைற்றும் நைத்திரேற்றும், நோயாளியின் குருதியில் உள்ளதற்கு ஈடான தவறை விளைவிக்கலாம். ஓசோனுடன் சேர்ந்து ஒளிரும் முறையும் நிறைமாலை முறையும் இவற்றைவிடக் கூர்மையானவை. அவற்றுக்கான கருவிகளின் விலை அவற்றை ஒரு சில நிலையங்களுக்குள் அடக்கிவிடுகிறது.

கருவியின் தவறு திருத்தக்கூடியது. உணவின் தவறு அவ்வாறன்று. ஓய்விலிருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமூல் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்குகிறது. அதனை நைத்திரேற்றாகக் கணித்தால் 62 மில்லிகிராம். இனி உணவைப் பார்ப்போருக்கு இந்த 62 எவ்வளவு சிறியது என்பது விளங்கும். முளைக்கீரை, பீற்றூட், முள்ளங்கி போன்றவற்றில் கிலோகிராமுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று இருப்பது வழக்கம். 2000 மில்லிகிராம் கொண்ட கீரையில் 100 கிராம் உண்டவர் 200 மில்லிகிராமை, அதாவது உடல் மூன்று நாளில் ஆக்குவதற்கு இணையானதை, ஒரு வேளையில் பெற்றுவிடுகிறார். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எல்லைக்கு உட்பட்ட நீரையே இரண்டு லீற்றர் பருகுபவருக்கும் 100 மில்லிகிராம் சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரிலும் கற்பிட்டியின் மணற்பாங்கான கிணறுகளிலும் பசளையாலும் மலக்குழிக் கசிவாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பது நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளது. கண்டிப் பிரதேசத்தின் தரையமைப்பு வேறு. கட்டுகஸ்தோட்டையில் ஒரே வீதியிலேயே குழாய்நீர் பருகும் வீடும், கிணற்றுநீர் பருகும் வீடும், ஊற்றுநீர் பருகும் வீடும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். ஆகவே வடக்கின் நோயாளரையும் மலைநாட்டின் நோயாளரையும் நீர்மூலம் கேளாமல் ஒப்பிடும் ஆய்வு, நோயை அளக்காமல் நிலவியலையே அளந்து முடியும். இதய நோயாளர் நாவின் கீழ் வைக்கும் நைத்திரேற்று மாத்திரைகளும் இதே கணக்கில் சேர்ந்துவிடும்.

உணவில் வரும் நைத்திரேற்று வந்தபடியே போவதுமில்லை. உட்கொண்டதில் ஏறத்தாழக் காற்பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் குருதியிலிருந்து இழுத்து வாயில் செறிவாக்க, நாவின் பற்றீரியங்கள் அதில் ஒரு பகுதியை நைத்திரைற்றாக்குகின்றன. விழுங்கிய நைத்திரைற்றில் ஒரு பகுதி இரைப்பையின் அமிலத்தில் மீண்டும் நைத்திரிக் ஒட்சைட்டாகிறது. விளைபொருளே மூலப்பொருளாகவும் திரும்பும் இச்சுற்று தெரிந்தபின், எஞ்சியதை அளந்தால் ஆக்கியது தெரியும் என்ற தொடக்ககால நம்பிக்கை கணிசமாகத் தளர்ந்தது. ஓரளவு பாதுகாப்பு, இரண்டு நாள் நைத்திரேற்றுக் குறைந்த உணவு கொடுப்பதிலோ, குறைந்தபட்சம் இரவுப் பட்டினிக்குப் பின் குருதி எடுப்பதிலோ கிடைக்கிறது. காய்ச்சல் நோயாளர் பலர் உணவை வெறுத்து இருப்பவர்கள் என்பது இங்கு ஒரு விதத்தில் உதவி, மறு விதத்தில் இடையூறு: அவர்களின் நைத்திரேற்று உணவால் ஏறியிராது, ஆனால் நன்கு உண்ட ஆரோக்கியமானவருடன் ஒப்பிடும்போது பட்டினியின் தாழ்வும் நோயின் தாழ்வாகத் தோற்றமளிக்கும்.

மூன்றாவதும் மிகக் கடினமானதுமான தடை சிறுநீரகம். நைத்திரேற்றின் பெரும்பகுதி, பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வரை, சிறுநீரில் வெளியேறுவதால், சிறுநீரகம் தளரும்போது உற்பத்தி கூடாமலே குருதியில் அளவு ஏறும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலியின் மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு மேலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்பது தெரியாது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணையின் கதவுகள் எவ்வாறு உள்ளன, 1976இலிருந்து உக்குவளை நோக்கி நீரைத் திருப்பும் சுரங்கம் எவ்வளவை எடுக்கிறது என்பவற்றையும் அவர் அறிய வேண்டும். நீர்ப்பாயத்தின், அதாவது உறைந்த குருதியிலிருந்து பிரியும் தெளிநீரின், நைத்திரேற்றும் அத்தகைய மட்டமே: வரவு, வழியில் சேர்ந்தது, வடிவது என்ற மூன்றும் சேர்ந்த ஒற்றை எண்.

இத்தடை வெறும் கோட்பாடாக நில்லாமல் நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் நோய் எலிக்காய்ச்சல். எலி, மாடு முதலிய விலங்குகளின் சிறுநீரில் வெளியேறி ஈரமண்ணிலும் தேங்குநீரிலும் உயிர்வாழும் லெப்றோஸ்பைரா என்ற சுருள் பற்றீரியம், தோலின் சிராய்ப்பின் ஊடாக உட்சென்று காய்ச்சலை உண்டாக்குகிறது. கடுமையான வடிவத்தில் மஞ்சட்காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரற் குருதிக்கசிவும் சேர்ந்துகொள்கின்றன. 2008இல் இலங்கையில் ஏற்பட்ட பெருந்தொற்றில் 7000க்கு மேற்பட்டோர் இந்நோயின் ஐயத்தில் அறிவிக்கப்பட்டனர். கண்டியில் காய்ச்சலுடன் வந்தோரிடம் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் யப்பானிய ஆய்வாளரும் சேர்ந்து நடத்திய நீர்ப்பாய, மரபணு ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஹாரிஸ்பத்துவவின் வயல்களும், மழை வலுத்தால் பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதியில் ஏறும் வெள்ளமும், அவ்வோயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியுடன் கலக்கும் தாழ்நிலமும் இக்கிருமிக்கு ஏற்ற சூழல்கள்; வயலில் இறங்குவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊடாக டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்படுவது இதனாலேயே.

எலிக்காய்ச்சலின் கடுமைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த இலங்கை ஆய்வு, சிரோமா ஹந்துன்னெத்தி, சேனக ராஜபக்ச உள்ளிட்ட கொழும்பு ஆய்வாளர்களால் 2013இல் வெளியிடப்பட்டது. நோயாளரின் நீர்ப்பாயத்தில் நைத்திரைற்று, நைத்திரேற்றுக் கூட்டுத்தொகையை அளந்த அவர்கள், சிறுநீரகத் தளர்ச்சியின் விளைவை நீக்கும்பொருட்டு அதனைக் கிரியாற்றினினால் வகுத்தனர். கிரியாற்றினின் என்பது தசையிலிருந்து சீராக உண்டாகிச் சிறுநீரகத்தால் வடிகட்டப்படும் பொருள், ஆதலால் அதன் ஏற்றம் சிறுநீரகத் தளர்ச்சியின் அளவுகோல். அவ்வாறு வகுத்துப் பார்த்தபோது, கடுமையான நோயுற்றோரிடம் அளவு குறைவாக இருந்தது. கடுங்கிருமித் தாக்கத்தில் நைத்திரிக் ஒட்சைட்டு மிகைப்பட்டுக் குருதியமுக்கத்தை வீழ்த்துகிறது என்ற பரவலான எதிர்பார்ப்புக்கு இது முரணானது; கடுமையானோரிடம் அது போதாமல்தான் இருக்கிறதோ என்ற வினாவை எழுப்பியது என்பதால் இவ்வாய்வு மதிக்கத்தக்கது.

ஆயினும் இந்த வகுத்தலே ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம். கடுமையான எலிக்காய்ச்சல் என்ற பகுப்பே பெரும்பாலும் சிறுநீரகப் பாதிப்பை வைத்துச் செய்யப்படுவது. கிரியாற்றினின் உயர்ந்தவரைக் கடுமையானவர் என்று பிரித்து, பின் அவருடைய நைத்திரேற்றை அந்த உயர்ந்த கிரியாற்றினினாலேயே வகுத்தால், விகிதம் இறங்குவதில் ஒரு பங்கு கணிதத்தாலேயே விளையும். மேலும், வடிகட்டப்பட்ட நைத்திரேற்றில் பெரும்பங்கைச் சிறுநீரக நுண்குழாய்கள் மீள உறிஞ்சிக்கொள்கின்றன, கிரியாற்றினினை அவ்வாறு உறிஞ்சுவதில்லை. எனவே சிறுநீரகம் தளரும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும் என்று கொள்ள இடமில்லை. எலிக்காய்ச்சலில் நுண்குழாய்களே முதலில் பழுதுறுவதும், கெண்டைக்காற் தசைகள் சிதைந்து நோவதும் இச்சிக்கலைக் கூட்டுகின்றன. மஞ்சட்காமாலை இன்னொரு முடிச்சைப் போடுகிறது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஈரசோனியம் உப்புடன் சேர்ந்து 540 நனோமீற்றருக்கு அண்மையில் ஒளியை உறிஞ்சும் சாயமாக மாறவல்லது. பிலிருபினை அளக்கும் மருத்துவமனைச் சோதனையே அத்தாக்கத்தின் மேல் அமைந்தது. அதே பிலிருபின், கிரியாற்றினினை அளக்கும் பழைய பிக்கிறேற்று முறையில் வாசிப்பைத் தாழ்த்துகிறது. புரதங்களை முற்றாக அகற்றாமலும், ஒவ்வொரு மாதிரிக்கும் நிறமூட்டாத வெற்று வாசிப்பை எடுக்காமலும் காமாலை நோயாளரின் விகிதத்தைக் கணிப்பவர், பின்னத்தின் மேலெண், கீழெண் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஐயத்தை ஏற்கிறார். இவை அந்த ஆய்வின் முடிவைப் பொய்யாக்குவன அல்ல. அதனை உறுதிப்படுத்த எவை வேண்டும் என்று காட்டுவன.

ஒப்பீட்டுக்கு மலேரியா பயன்படும். தன்சானியச் சிறுவரிடம் அன்ஸ்ரியும் பிறரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, உணவின் பங்கையும் சிறுநீரகத்தின் பங்கையும் திருத்தியபின், மலேரியா கடுமையாகுந்தோறும் நைத்திரிக் ஒட்சைட்டு உற்பத்தி குறைவதாகக் கண்டது. அதன் பலம் திருத்தத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வெண்கலங்களில் அவ்வாயுவை ஆக்கும் நொதியத்தையே தனியே தேடி, நோயறிகுறி இல்லாத சிறுவரிடம் அது இருப்பதையும் மூளை மலேரியா கண்டோரிடம் அது பெரும்பாலும் காணப்படாததையும் அவர்கள் காட்டினர். எஞ்சிய பொருளும் ஆக்கும் பொறியும் ஒரே திசையில் சாட்சி சொன்னதால் முடிவு நிலைத்தது. பின்னர் கடும் மலேரியாவில் குருதியின் ஆர்ஜினின் குறைவதும் அறியப்பட்டு, மூலப்பொருளின் தட்டுப்பாடே காரணமாகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

டெங்கில், இலங்கை ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பின்னர் குருதிப்பெருக்குக் காய்ச்சலாக முற்றியவர்களிடம் தொடக்க நாள்களிலேயே நீர்ப்பாயக் கூட்டுத்தொகை தாழ்ந்திருப்பதைக் கண்டு, அது முன்னறிகுறியாகப் பயன்படுமா என்று வினவியது. டெங்கில் சிறுநீரகம் பொதுவாக எலிக்காய்ச்சலில் போலப் பழுதுறுவதில்லை என்பதால், கீழெண்ணின் தொல்லை இங்கு குறைவு. ஆனால் குருதித் திரவம் கலனிலிருந்து கசிவதும், நாளத்தினூடாக ஏற்றும் உப்புநீர் குருதியை ஐதாக்குவதும், எத்தனையாம் நாளில் மாதிரி எடுக்கப்பட்டது என்பதும் முடிவை மாற்றும். கண்டியில் எலிக்காய்ச்சலும் டெங்கும் ஒரே மழைக்காலங்களில் வந்து முதல் மூன்று நாளில் ஒன்றுபோலத் தோன்றுவதால், இவ்விரண்டையும் பிரித்தறிய இக்கூட்டுத்தொகை உதவுமா என்ற ஆசை இயல்பே. முந்திய வேளை என்ன உண்டார் என்பதைப் பொறுத்து மாறும் எண்ணின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவது இப்போதைக்குப் பொருந்தாது.

தவறாக வாசித்தால் என்ன என்று கேட்போருக்கு 2004இல் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனை விடை தருகிறது. கடுங்கிருமித் தாக்கத்தில் கூட்டுத்தொகை உயர்ந்திருப்பதை மிகையுற்பத்தி என்று கொண்டு, நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியங்களை அடக்கும் மருந்து 797 நோயாளர் பங்குபற்றிய பரிசோதனையில் கொடுக்கப்பட்டது. குருதியமுக்கம் ஏறியது, ஆனால் மருந்து பெற்றோரிடையே இறப்பும் கூடியது, பரிசோதனை இடையில் நிறுத்தப்பட்டது. அம்மருந்து எல்லா வகை நொதியங்களையும் பாகுபாடின்றி அடக்கியதும் தோல்விக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

உற்பத்தியை நேராக அளக்க ஒரு வழி உண்டு. நைதரசனின் பாரமான சமதானியைக் கொண்ட ஆர்ஜினினைச் செலுத்தி, அச்சமதானி சிறுநீரின் நைத்திரேற்றில் எவ்வளவு வேகமாகத் தோன்றுகிறது என்று நிறைமாலையால் அளந்தால், கீரையின் நைத்திரேற்றும் கிணற்றின் நைத்திரேற்றும் கணக்கில் வாரா. உயர் குருதியமுக்கம் உடையோரில் உற்பத்தி குறைவென்று 1997இல் காட்டியது இம்முறையே. செலவும் ஒன்றரை நாள் சிறுநீர்ச் சேகரிப்பும் இதனைக் கடும் நோயாளருக்கு எட்டாததாக்குகின்றன. அதற்கும் எளிய நீர்ப்பாய அளவுக்கும் இடைப்பட்ட வழி, ஒரே வேளையில் குருதியையும் சிறுநீரையும் எடுத்து, இரண்டிலும் நைத்திரேற்றையும் கிரியாற்றினினையும் அளந்து, வடிகட்டியதில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்ற பின்னத்தைக் கணிப்பது. இதற்கு வேண்டியவை ஒளிமானியும், வனேடியக் கரைசலும், நைத்திரேற்று இல்லாத குழாய்களும், கடைசியாக உண்டதையும் பருகும் நீரின் மூலத்தையும் குறிக்கும் ஒரு தாளும் மட்டுமே. இவை பேராதனைக்கோ கண்டிக்கோ எட்டாதவை அல்ல. எலிக்காய்ச்சலில் உற்பத்தி உண்மையில் குறைகிறது என்று இப்பின்னமும் வெண்கல நொதியமும் சேர்ந்து காட்டுமாயின், ஆர்ஜினினைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு இடம் பிறக்கும். குறையவில்லை என்று காட்டுமாயின், 2013இன் தாழ்வு கிரியாற்றினினுக்கு உரியதாகிவிடும்.